நாலாவது ஓம்

றோசலின் அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலைக் கோப்பிக்குக் கோப்பைகள் அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்விதான் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். நாள் கணக்குத்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, ஐந்து பேர் இருக்கும் மேசையில் பதினொரு கோப்பை வைத்திருக்கிறேன்.

டென்மார்க்கின் இந்தச் சில்க்போர்க் நகரில் அவரை அறியாத தமிழர் குறைவு. மட்டக்களப்புக்காரர். தேவாலயத்தில் பாட்டுக்கு முன்வரிசையில் நிற்பவர். சிரித்தால் அடுத்த மாடிக்கும் கேட்கும். அவரும் நானும் செல்வியும் யசோவும் ஒரே இல்லத்தில் வருடக்கணக்காக வேலை செய்தோம். அவர் வசனத்துக்கு வசனம் 'கா' போட்டுக் கதைப்பதை யாழ்ப்பாணத்தாளாகிய நான் பகிடி பண்ணுவேன். இரண்டாம் வருடம் என் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. வீட்டில் இவர், "ஆரை நீர் கா எண்டு கூப்பிடுறீர்?" என்று கேட்டார்.

ஸ்கீ ஓடுவோம் என்று ஆரம்பித்ததும் அக்காதான். ஒரு மாசிமாதம் பனி கொட்டித் தீர்த்திருந்தது. பழைய பொருள் விற்கும் கடையில் நான்கு சோடி ஸ்கீப் பலகைகளை வாங்கிவந்துவிட்டார். என் பங்குக்குக் கிடைத்த ஊன்றுதடிகளில் ஒன்று மற்றதைவிட ஒரு சாண் நீளம். குளிரை ரசிக்கவா இந்த நாட்டுக்கு வந்தோம், விழுந்து இடுப்பு முறிந்தால் யார் பார்ப்பது என்று நான் முறுகினேன். அவர் அசையவில்லை. "விழுந்தாக்களத் தூக்குறதுதானேகா நம்மட தொழில்" என்றார்.

ஏரிக்கரைக் காட்டில் அன்று அந்தத் தொழிலை வயிறு நோகும்வரை செய்தோம். யசோ ஒரு தேவதாரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி கீழே இறங்கமாட்டேன் என்று நின்றாள். அவளை இழுக்கப்போன செல்வி மல்லாந்தாள். ஐம்பதை நெருங்கிய நான்கு பெண்கள் பனிக்குள் உருண்டு கிடந்து சிரித்தோம். அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

மத்தியானம் நன்றாகத் தாண்டியதும் பனிப்புகார் இறங்கியது. கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் என் மூக்கு. முன்னால் போன யசோவைக் கூடக் காணவில்லை. தொலைபேசிகளோ நனைந்துவிடும் என்று காரில். இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் இருட்டிவிடும். முன்னுக்குப் போன அக்கா நின்று பெயர் கூப்பிடத் தொடங்கினார். நாங்கள் ஆம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் ஓம் என்று சொல்ல வேண்டும், மூன்று ஓம் கேட்டால்தான் அவர் மேற்கொண்டு நகர்வார்.

"செல்வி." ஓம். "யசோ." ஓம். "கமலா." கடைசியில் வந்த நான், ஓம் என்றேன்.

எனக்குப் பின்னால் இன்னொரு ஓம் கேட்டது.

அக்கா மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டார். மறுபடியும் நான்கு ஓம். நாலாவது இன்னும் கிட்டத்தில் கேட்டது. "அக்கா, எனக்குப் பின்னாலை ஆரோ நிக்கினம்" என்றேன். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன், அக்காவின் மாதாவையும் சேர்த்து.

புகாருக்குள்ளிருந்து சிவப்புத் தொப்பி போட்ட ஒரு நெட்டையான டெனிஷ்காரி வெளிப்பட்டார். பெயர் இங்கர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. பிறந்ததிலிருந்து ஓடித் திரிந்த காட்டில் அவருக்கும் திசை மாறிவிட்டதாம். டெனிஷ் மொழியில் 'ஓம்' போல ஒரு சொல் உண்டு. பயிற்சி வகுப்பில் அதைக் கட்டளையாகச் சொன்னால் 'திரும்பு' என்று அர்த்தம். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன கட்டளையை யாரோ தனக்குச் சொல்கிறார்கள் என்று, கேட்கக் கேட்க எங்கள் பக்கம் திரும்பி நடந்திருக்கிறார். நடந்தபடி தானும் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

விளக்கம் முடிவதற்குள் அக்கா பனியில் குந்திவிட்டார், சிரிப்பு அடங்கவில்லை. எங்கள் அருகே இருந்த முள்ளுக்கம்பி வேலியைக் கண்டதும் அது எங்கே போகும் என்று இங்கருக்குத் தெரிந்துவிட்டது. அதையொட்டி நடத்தி இருட்டுமுன் கார் நின்ற இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பனி விழுந்த ஒவ்வொரு வருடமும் ஐந்து பேராகத்தான் போனோம். அக்கா பெயர் கூப்பிட்டார். இங்கரும் தன் பெயருக்கு ஓம் சொன்னார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என்னைக் கிட்டக் கூப்பிட்டு அக்கா ஒரு உண்மையைச் சொன்னார். "அண்டைக்கு வழி எனக்கு எப்பவோ தவறிட்டுகா. உங்கள எண்ண இல்ல, என்ட பயத்துக்குத்தான் பேர் கூப்பிட்டன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இனி நீ கூப்பிடுகா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் எல்லோரும் கலைந்து நின்றபோது, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் கூப்பிட்டேன். செல்வி ஓம் என்றாள். யசோ ஓம் என்றாள். இப்போது தள்ளுவண்டி பிடித்து நடக்கும் இங்கர், நான் பெயர் சொல்லுமுன்னே ஓம் என்றார். எங்கள் ஓமா, தன்னுடைய 'திரும்பு'வா என்று நான் கேட்கவில்லை.

அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தப் பெயர் கூப்பிடும் வேலைதான். பயத்துக்குக் கூப்பிட்டாலும் பதில் வரும் என்பதையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். பனி விழட்டும், நீளமும் கட்டையுமான என் தடிகளோடு முன்னுக்கு நான்தான் போவேன். கூப்பிடுகிறவளுக்கு மூன்று ஓம் வரவேண்டும். அன்று வாசலில் மூன்றும் வந்தன. எண்ணிக்கை சரியாக இருந்தது, ஆள்தான் குறைவு.