ஏழாவது விநாடியில் ஒரு விக்கல்

தோளில் வைத்துச் சுடும் விமான எதிர்ப்பு ஏவுகணையைப் பற்றி அந்தப் பயிற்சிப் பள்ளியில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் வாத்தியாரிடம்தான் போவார்கள். பத்தொன்பது வருஷமாக அவர் சொல்லிக்கொடுத்து வந்தது அது ஒன்றைத்தான். படையில் சேர்ந்தபோது அவர் கேட்டது வாத்தியக் குழு. வாயால் எல்லா வாத்தியத்தையும் வாசித்துக் காட்டினார். கையால் ஏதாவது வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது. ஏவுகணைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய வகுப்பில் தூங்குவது கஷ்டம்.

"இந்தக் குழாய்க்குள்ள இருக்கிறவனுக்கு விமானம்னா என்னன்னே தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும். எஞ்சினும் அவனுக்கு ஒண்ணுதான், சூரியனும் ஒண்ணுதான். புத்தி நம்மகிட்டதான் இருக்கணும்" என்பார். "சூட்டைப் பாக்கிற கண்ணை முதல்ல குளிர வைக்கணும். தானே கொதிச்சுக்கிட்டு இருக்கிறவனுக்கு அடுத்தவன் சூடு எப்படிய்யா தெரியும்? எங்க வீட்டுல தினமும் பாக்கிறேன்."

கண் குளிர்ந்து, வானத்தில் எஞ்சினின் சூட்டைப் பிடித்துவிட்டால், காதோரம் ஒரு சத்தம் வரும். அதுதான் அடையாளம். அது வந்த பிறகுதான் விசையை அழுத்த வேண்டும். பயிற்சிக்கென்று இருந்த பொய்க் குழாயிலும் இதே சத்தம் வருவதற்கு ஒரு ஸ்பீக்கர் உண்டு. பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு மழைநாளில் அது ஊமையாகிவிட்டது. வாத்தியார் மூன்று முறை எழுதிப்போட்டார். அப்படியொரு உதிரிபாகம் பட்டியலிலேயே இல்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது. பட்டியலில் இல்லாத பொருள் எப்படிக் கெட்டுப்போனது என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் வாத்தியாரே சத்தம் போட ஆரம்பித்தார். மூக்கும் தொண்டையும் சேர்ந்து "ங்ங்ஈஈஈ" என்று இழுப்பார். சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசலாக இருக்கும். வீட்டுக் குளியலறையில் பழகுவார். ஒருநாள் மாடிவீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க மோட்டார் தண்ணியில்லாம ஓடுது, காயில் போயிடும்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி தொண்டைக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்து, "என்னங்க, அந்த மிசைலுக்கு இருமல் வந்தா நான் மருந்து தரணுமா?" என்பாள்.

ஒரே ஒரு குறை. மனிதனுக்கு மூச்சு என்று ஒன்று இருக்கிறது. ஏழாவது விநாடியில் வாத்தியாருக்கு மூச்சு முட்டி, சத்தம் "ங்க்" என்று ஒரு சின்ன விக்கலில் முடியும். மாணவர்கள் அந்த இடத்தில்தான் விசையை அழுத்துவார்கள். அவர் முழு மதிப்பெண் போடுவார். நிஜ ஏவுகணை வருஷத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும்; அதை எப்போதும் வாத்தியாரே சுடுவார். நாடோ பரம சாதுவான நாடு. ஆகவே அந்த விக்கல் யார் கண்ணிலும் படாமல் பதினாலு வருஷம் செழிப்பாக வளர்ந்தது.

புதிய கமாண்டர் வந்த மறுவாரமே வகுப்பில் வந்து உட்கார்ந்தார். சத்தத்தைக் கேட்டார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"வாத்தியாரே, இது ராணுவமா, மிமிக்ரி கச்சேரியா? கம்ப்யூட்டர் பயிற்சி மெஷினுக்கு எழுதப்போறேன். உங்களுக்குக் கம்பளி கிடங்குல ஒரு நாற்காலி இருக்கு."

"சார், என்கிட்டப் படிச்சவங்க குறி தப்பாது."

"அப்படியா? இந்த வருஷம் நீங்க சுடவேண்டாம். உங்ககிட்டப் படிச்சவங்க சுடட்டும். விழுந்தா வகுப்பு உங்களுக்கு. விழலைன்னா கம்பளி."

வாத்தியார் வகுப்பிலேயே கெட்டிக்காரியைத் தேர்ந்தெடுத்தார். சமையல்கட்டிலிருந்து இந்தப் பிரிவுக்கு மாறி வந்தவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். உயரத்தைப் பார்த்து எல்லோரும் நெட்டை அக்கா என்பார்கள். நாற்பது பேருக்கு உலை வைத்தவள் என்பதால் எதற்கும் பதறமாட்டாள்.

"யார் கத்தினாலும் காதில போட்டுக்காதம்மா. நானே கத்தினாலும் சரி. சத்தம் சொல்றதைத்தான் கேக்கணும்" என்று கடைசியாக ஒருமுறை சொல்லி அனுப்பினார். வாழ்நாளில் அவர் சொல்லிக்கொடுத்ததிலேயே இந்த ஒன்றை அவள் மிக நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

சுடுதளத்தில் காற்று நின்றுபோன காலை நேரம். நெட்டை அக்கா மேடையில் ஏறிக் குழாயைத் தோளில் ஏற்றினாள். பின்னால் நெருப்பு பாயும் என்பதால் அங்கே ஒருவரும் கிடையாது. வாத்தியாரும் கமாண்டரும் பக்கவாட்டில் பத்தடி தள்ளிக் கயிற்றுக்கு இப்பால் நின்றார்கள். வாலில் தீப்பந்தம் எரிய, ஆளில்லாத குட்டி விமானம் ஒன்று மலைப்பக்கத்திலிருந்து வந்தது. சுடலாம் என்று உத்தரவும் ஆயிற்று.

குழாயின் கண் குளிர்ந்தது. சூட்டைப் பிடித்தது. "ங்ஈஈஈ" என்று சத்தம் வந்தது. வாத்தியாருக்கே கேட்டது. என்ன அழகான சத்தம்!

நெட்டை அக்கா சுடவில்லை.

ஐந்து விநாடி. பத்து விநாடி. கண்ணைக் குளிரவைக்கும் வாயுப் புட்டி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. விமானம் தலைக்கு நேரே வந்துவிட்டது.

"ஏன் சுடல?" என்றார் கமாண்டர்.

"சுடும்மா!" என்று கத்தினார் வாத்தியார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொன்ன சொல் தவறாத மாணவி.

அப்போதுதான் வாத்தியாருக்குப் பொறி தட்டியது. யந்திரத்துக்கு மூச்சு முட்டாது. அது நாள் முழுக்க இழுக்கும், அவள் நாள் முழுக்க விக்கலுக்குக் காத்திருப்பாள். கமாண்டர் பக்கத்தில் நிற்கிறார். கம்பளி மூட்டைகள் கண்முன்னே அடுக்கடுக்காக வந்துபோயின. வேறு வழியில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சைக் கூட்டி, சுடுதளமே திரும்பிப் பார்க்கும்படி விட்டார்:

"ங்க்!"

அவள் சுட்டாள். ஏவுகணை முதலில் சோம்பேறியைப் போலக் குழாயைவிட்டு எட்டிக் குதித்தது. அவளுக்குச் சூடு படாத தூரம் போன பிறகே பெரிய நெருப்பை மூட்டிக்கொண்டு பாய்ந்தது. விமானம் துண்டு துண்டாக விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கமாண்டர் தட்டவில்லை.

"ஏம்மா, இவ்வளவு நேரம் எதுக்குக் காத்திருந்தே?"

"விக்கலுக்கு சார்."

"யாரு விக்கலுக்கு?"

"மிசைலோட விக்கலுக்கு சார். இன்னைக்குக் கொஞ்சம் லேட்டா வந்துச்சு. பக்கத்துல நின்னு விக்கின மாதிரி இருந்துச்சு."

கமாண்டர் மெதுவாக வாத்தியார் பக்கம் திரும்பினார். குட்டு உடைந்தது. வாத்தியார் ஒன்றையும் மறைக்கவில்லை. ஸ்பீக்கர், மழை, பட்டியல், மூச்சு எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்படி எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"நானூத்திப் பன்னிரண்டு பேர் சார்."

"அத்தனை பேரும் சண்டையில நின்னு விக்கலுக்குக் காத்திருப்பாங்களா?"

"நல்லாப் படிச்சவங்க காத்திருப்பாங்க சார்."

கமாண்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். விமானம் விழுந்துவிட்டது, கொடுத்த வாக்கு வாக்குதான். தவிர, இந்த ஆளைக் கம்பளி கிடங்கில் பூட்டிவைத்தால் நானூத்திப் பன்னிரண்டு பேருக்கு விக்கலை மறக்கடிப்பது யார்? வாத்தியாருக்கு வகுப்பு நிலைத்தது. பள்ளியில் அல்ல, ஒவ்வொரு முகாமாகப் போய், தான் சொல்லிக்கொடுத்ததைத் தானே அழித்துவிட்டு வர வேண்டும். ஒரு ஜீப்பும், நிஜச் சத்தத்தைப் பதிவுசெய்த ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். வாயைத் திறந்து சத்தம் போடக்கூடாது என்று எழுத்தில் உத்தரவும் கொடுத்தார்கள்.

முதல் முகாமில் பழைய மாணவர்கள் இருபத்தாறு பேர், பொய்க் குழாய்களைத் தோளில் ஏற்றி வரிசை வரிசையாக நின்றார்கள். வாத்தியார் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை முடுக்கினார். "ங்ஈஈஈ." ஏழு விநாடி போயிற்று. பதினைந்து. முப்பது. இருபத்தைந்து பேர் சிலைபோல நின்றார்கள். சத்தம் ஆரம்பித்த உடனே கடைசி வரிசையில் ஒரே ஒரு விசை மட்டும் 'டக்' என்றிருந்தது.

வாத்தியார் பெட்டியை நிறுத்திவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்தார்.

"நீ மட்டும் எப்படிய்யா சரியா அழுத்தினே?"

அவன் கொஞ்சம் நெளிந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார். நான் உங்க வகுப்புல முழுக்கத் தூங்கிட்டேன். பரீட்சைக்கு முதல் நாள் கையேட்டைத்தான் படிச்சேன்."

வாத்தியார் பதிவேட்டைத் திறந்தார். 'சத்தம் முடியுமுன் அவசரப்பட்டான்' என்று எழுதி அந்த வருஷம் அவனுக்குத் தாம் போட்டிருந்த பூஜ்யம் அப்படியே இருந்தது. பிறகு அதை அடித்துவிட்டு நூறு என்று எழுதி, அவனை முன்வரிசைக்கு அழைத்து மற்ற இருபத்தைந்து பேருக்கும் பாடம் நடத்தச் சொன்னார்.