பிள்ளைகள் கைவேலை

கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் சீனியம்மாள் தாலியறுத்தாள். பிறகு வில்லாபுரத்தில் அண்ணன் காளை வீட்டு அடுப்படிதான் அவளுக்கு உலகம். மதினி பொல்லாதவள் இல்லை. ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காதவள், அவ்வளவுதான். அந்தப் புகையிலிருந்து தப்பிக்கத்தான் சீனியம்மாள் ஊர் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் டீச்சர் பயிற்சிக்குப் போனாள்.

பேரையூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவள் வகுப்பில் பிள்ளைகள் அழுது பார்த்தவர்கள் கிடையாது. ஆட்டுக்குப் பின்னால் திரிந்ததுகள்கூடத் தானாக வந்து உட்கார்ந்து படித்தன. இதை அந்த ஊரே சொல்லும். ஆனால் ஊர் சொல்வதை எந்த ஆபீஸில் கொண்டுபோய்க் காட்ட முடியும்?

அங்கே ஒரு வழக்கம் உண்டு. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால், பிள்ளைகள் செய்த மண் பொம்மைகளையும் ஓலைப் பெட்டிகளையும் வாத்திமார்கள் சீர் பண்ணி வைப்பார்கள். மூக்கில்லாத கிளிக்கு மூக்கு வரும். கோணல் பெட்டி சதுரமாகும். இன்ஸ்பெக்டருக்கும் இது தெரியும். தெரிந்தே நல்லதாக நாலு வரி எழுதிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போவார். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. வந்தவருக்குச் செய்கிற மரியாதை.

சர்க்கார் மானியம் நின்று அந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடினார்கள். அதே சமயம் மதுரை ஆரப்பாளையத்தில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு டீச்சர் தேடினார்கள். வருகிறவர்கள் தங்கள் பிள்ளைகளின் கைவேலையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார்கள். சீனியம்மாளுக்கு உயிர் வந்தது. இது கிடைக்காவிட்டால் மறுபடி வில்லாபுரம்தான்.

பொம்மைகளை எடுத்துப் பார்த்தாள். ஒரே கோணல். மதுரைக்காரர்கள் சிரிக்க மாட்டார்களா? மண் மாட்டுவண்டிக்குத் தானே வேறு சக்கரம் செய்து மாற்றினாள். சக்கரத்துக்கு வண்டி பொருந்தவில்லை, வண்டியையும் மாற்றினாள். கிளி, மாங்காய், ஓலைப் பெட்டி என்று ஒன்றையும் விடவில்லை. பழையதையெல்லாம் கொல்லையில் கொட்டினாள். அன்றைக்குப் பெய்த மழையில் மண் கரைந்துபோனது, ஓலை அடித்துக்கொண்டு போனது.

ஆரப்பாளையத்தில் பள்ளிக்கூடச் செயலாளர் ஹாலாஸ்யம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ரிட்டயரான தலைமை குமாஸ்தா, மென்மையான மனுஷர். முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தார். போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்தது.

“ரொம்ப அழகா இருக்கும்மா. இதுல குழந்தைகள் செஞ்சது எது?”

சீனியம்மாள் குனிந்து டிரங்குப் பெட்டிக்குள் தேடினாள். ஏதாவது ஒன்றில் ஒரு சின்ன விரல் பட்ட தடம் இருக்காதா என்று தேடினாள். எல்லாவற்றையும் வழவழவென்று தடவி வைத்தது அவள் கைதானே.

“எல்லாம் அதுகதான் ஆரம்பிச்சதுக, அய்யா,” என்றாள்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் வாயைத் திறந்திருப்பாள், ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுகிறேன் என்று கேட்டிருப்பாள். அவரோ பொம்மைகளைத் தானே பத்திரமாகப் பெட்டிக்குள் அடுக்கி, வெயிலுக்கு முன்னால் ஊர் போய்ச் சேருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் எப்பேர்ப்பட்ட டீச்சர் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

வில்லாபுரத்தில் மதினி பெட்டியைத் திறந்து பார்த்தாள். கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் அசந்துபோனாள்.

“இம்புட்டு நேர்த்தியா யாரு செஞ்சது?”

“நாந்தேன் மதினி.”

“மண்ணு வேல உனக்கு நல்லா வருதே. அடுப்பு வெடிச்சுக் கெடக்கு. காலையில அதப் பூசிரு.”

சீனியம்மாள் சரி என்றாள்.