நோன்போடு நூற்று முப்பத்தேழு மைல்

எங்கள் கரையைச் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருட நோன்பு மாதத்தில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்குக் கல்முனையிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டேன். மறுநாள் கொழும்பில் எனக்கு இடக் கண்ணில் சத்திரசிகிச்சை. அதன்பின் அந்த மாதம் நோன்பு பிடிக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அன்றைய நோன்பை ஒரு குறையும் இல்லாமல் முடித்தே தீருவதென்று இருந்தேன்.

மகன் முன் ஆசனத்திலிருந்து திரும்பினான். "பயணத்தில நோன்ப விடலாம்தானே உம்மா?"

"அது ஒட்டகத்தில போன ஆக்களுக்கு மகன். பிளேன்ல ஒரு மணித்தியாலம் கதிரையில இருந்து போறதுக்கு நான் நோன்ப விடுறதா?"

இருபத்தைந்து மைல் ஓடி, நாலேகாலுக்கு மட்டக்களப்பு விமான நிலையத்தில் இறங்கினோம். சிறிய விமானமாம், பெட்டியோடு என்னையும் தராசில் ஏற்றினார்கள். "என்ட பாரத்த சத்தமா வாசிக்காதீங்க தம்பி" என்றேன். கொழும்புப் பக்கத்து விமான நிலையமான இரத்மலானை எவ்வளவு தூரம் என்றும் கேட்டேன். "ஆகாயத்தால நூற்றி முப்பத்தேழு மைல்" என்றார் உத்தியோகத்தர். பஸ்ஸில் என்றால் விடியற்காலை ஏறிப் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குத்தான் இறங்கலாம்.

மகன் என்னை ஏற்றிவிட்டுக் காரில் திரும்பினான். ஐந்து முப்பத்தைந்துக்கு விமானம் எழும்பியது. கீழே வாவிக் கரையில் தலை முறிந்த தென்னைகள் அறைந்த முளைகள் போல நின்றன. பிறகு வயல், குளம், காடு.

பக்கத்தில் சாய்ந்தமருதுத் துணி வியாபாரி ஒருவர். கண் சத்திரசிகிச்சைக்குப் போவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். ஆறு இருபத்திரண்டுக்கு மணிக்கூட்டைப் பார்த்தவர், பேரீச்சம்பழமொன்றை வாயில் போட்டு எனக்கும் ஒன்றை நீட்டினார். "நம்மட ஊர்ல நோன்பு திறக்கிற நேரம் வந்திட்டு உம்மா. திறங்க."

ஜன்னலால் பார்த்தேன். இறக்கைக்கு மேலே சூரியன் முழு வட்டமாக நின்றது.

"ஊர்ல விழுந்திருக்கும் தம்பி. இங்க இன்னும் நிக்கிது."

"கண் வைத்தியத்துக்குப் போற நீங்களா சூரியனப் பாக்குற?"

"எனக்கு நல்ல கண் ஒன்டு மிச்சமிருக்கு. ஒங்களுக்கு ரெண்டும் இருக்கே, எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தார். பழம் வாயிலிருந்து கைலேஞ்சித் துணிக்கு வந்தது. "முழுங்கல்ல உம்மா, அல்லாஹ்வறிய முழுங்கல்ல."

இருவரும் காத்திருந்தோம். மேற்கே பறப்பதால் நாங்களே சூரியனைத் துரத்திக்கொண்டு போனோம். அது விழுவதாக இல்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கையில் இருந்த பழம் வியர்வையில் பிசுபிசுத்தது. நான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு இருபத்தெட்டுக்கு விமானம் தாழத் தொடங்கியது.

"இப்ப திறக்கலாமா உம்மா?" என்றார் வியாபாரி, மணிக்கூட்டைப் பார்க்காமல்.

"பொறுங்க. இன்னும் ஒரு கீறு இருக்கு."

ஆறு முப்பத்தொன்றுக்கு அந்தக் கீறும் போனது. பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தைக் கடித்தேன். அவர் எனக்குப் பின்தான் கடித்தார்.

ஆறு நாற்பதுக்கு இரத்மலானையில் இறங்கினோம். ஊரில் அந்நேரம் நோன்புக் கஞ்சிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். வாசலில் நின்ற, கொழும்பில் இருக்கும் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் எடுத்திச்சி உம்மா?" என்றாள்.

"நோன்போட ஐம்பத்தாறு நிமிசம், நோன்பு திறந்து ஒன்பது நிமிசம்" என்றேன். "இனி டாக்டர் கண்ணில கை வைக்கட்டும்."