வெளிச்சம் கசியாத வேலி

1

வேலி போட்ட மூன்றாவது வாரமே போன் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, மோட்டார் ரூம் கதவத் திறக்க முடியல. முட்டளவு மணல் கெடக்கு," என்றாள் ஸ்டெல்லா.

"வேலி விழுந்துடுச்சா?"

"அது நல்லா ஜம்முனு நிக்கிது. தண்ணிதான் நின்னு போச்சு."

தூத்துக்குடிக்குத் தெற்கே, மழையை அதிகம் பார்க்காத ஒரு கடற்கரைக் கிராமம் அவளுடையது. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன பிளாண்ட்டுக்கு அவள்தான் ஆப்பரேட்டர். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் ஃபோர்மேன். காற்றுக் காலத்தில் மணல் வந்து மோட்டாரை மூடுகிறது, தடுப்பு வேலி வேண்டும் என்று எங்களுக்கு ஆர்டர் வந்திருந்தது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷீட் வேலை முடிந்ததும் பின்பக்கம் ஒருவன் டியூப்லைட்டைப் பிடிப்பான். முன்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் கசிந்தாலும் அந்த பீஸ் ரிஜெக்ட். அப்படிப் பார்த்துப் பார்த்து அடித்த வேலி அது. ஈ நுழையாது.

இன்னொரு வழக்கம், சைட்டைச் சுத்தம் செய்யாமல் போஸ்ட் ஊன்ற மாட்டோம். அங்கே தரையெல்லாம் அடம்பங்கொடி. குத்துக்குத்தாக ராவணன் மீசைப் புல், ஒவ்வொரு குத்தையும் சுற்றி ஒரு மணல் மேடு. ஜேசிபியை விட்டு மொத்தத்தையும் வழித்துத் தள்ளினேன்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டுமே அண்ணாச்சி," என்று ஸ்டெல்லா அன்றே சொன்னாள்.

"லெவல் வராதும்மா," என்றேன். பெரிய மேதாவி நான்!

போனில் அவள் கடைசியாகச் சொன்னதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. "காத்துக் காலம் முடியுறதுக்குள்ள பிளாண்ட் ஓடலன்னா, மெஷின வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவாவளாம். எங்களுக்கு வேற நல்ல தண்ணி கெடையாது, பாத்துக்கிடுங்க."



2

ஸ்டெல்லாவிடமே ஒரு மூட்டை மணலை லாரி சர்வீஸில் அனுப்பச் சொன்னேன். ஷெட் தரையில் அதைப் பரப்பி, பெரிய மேன்கூலர் ஃபேனை எதிரே வைத்தோம். வெல்டர் பாபு ஒரு ஷீட் துண்டை நடுவில் நிறுத்தி ஃபேனைப் போட்டான்.

காற்று ஷீட்டில் மோதி, அடியில் குழி பறித்தது. மீதி மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று இறங்கி, கொண்டு வந்த மணலை ஷீட்டின் முதுகுக்குப் பின்னாலேயே கொட்டியது. மோட்டார் ரூம் இருக்கும் இடம் அதுதான்.

"இன்னா அண்ணாத்தே, எகிறிக் குதிச்சி உள்ள வந்துகினு கீது!" என்றான் பாபு.

பக்கத்து ஷெட்டில் பஞ்சிங் அடித்துத் தூக்கிப் போட்ட ஸ்கிராப் ஷீட் கிடந்தது. பாதிக்குப் பாதி ஓட்டை. அதை நிறுத்தச் சொன்னேன்.

"சல்லட மாரி கீது. இத்த வேலின்னு அனுப்புனா காறித் துப்புவானுங்கோ."

"நிறுத்துடா முதல்ல."

காற்று உள்ளே புகுந்தது, ஆனால் வேகம் குறைந்து புகுந்தது. வேகம் குறைந்ததும் மணலைச் சுமக்க முடியாமல் வேலியை ஒட்டியே பரவலாக இறக்கிவிட்டது. குழியும் இல்லை, சுழலும் இல்லை.

பாபு விளையாட்டாக மூலையில் இருந்த துடைப்பத்தைப் பிரித்து, ஈர்க்குச்சிகளைக் கட்டுக்கட்டாக மணலில் நட்டான். ஒவ்வொரு கட்டுக்குப் பின்னாலும் மணல் வால் மாதிரி நீண்டு, சின்ன மேடாகச் சேர்ந்தது. எனக்கு முகமே செத்துவிட்டது. இதே மேடுகளைத்தானே ஜேசிபி விட்டு வழித்தேன்!

"இன்னா அண்ணாத்தே, ஒரு மாரி ஆயிட்டே?"

"வேலி அங்க ஏற்கெனவே இருந்துச்சுடா. நான்தான் பிடுங்கிப் போட்டுட்டேன்."

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. ஈர்க்குச்சியை மணல் மூடினால் அதோடு சரி. உயிருள்ள புல்லை மூடினால் அது கணுவுக்குக் கணு வேர் விட்டு, மணலுக்கு மேலே மறுபடி தலை தூக்கும். மேடு வளர வளர அதுவும் கூட ஏறும்.

3

பழைய வேலியைக் கழற்றிவிட்டு, இரண்டாவது வேலியைப் பட்டை விட்டுப் பட்டை, இடைவெளியோடு அடித்தோம். மோட்டார் ரூமை ஒட்டி நிறுத்தாமல், காற்று வரும் பக்கமாகத் தள்ளி நட்டோம். முதலாளியிடம், "டியூப்லைட் டெஸ்ட் இதுக்குக் கெடையாது சார்," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஸ்டெல்லா ஊர்ப் பெண்களோடு போய், தள்ளி இருந்த மேடுகளிலிருந்து புல்லையும் கொடியையும் கணுவோடு வெட்டி வந்து வரிசையாக நட்டாள். வேர் பிடிக்கும் வரை அவர்களே தண்ணீர் ஊற்றினார்கள். ரூம் மணலை அள்ளிப் போட்டதும், காற்றுக் காலம் முடிவதற்குள்ளேயே பிளாண்ட் ஓடியது. மெஷினைத் தூக்குகிற பேச்சு அதோடு நின்றது.

மறு வருஷம் காற்றுக் காலத்தில் மனசு கேட்காமல் நானே அவளைக் கூப்பிட்டேன்.

"வேலி எப்படிம்மா இருக்கு?"

"அது மணலுக்குள்ள முங்கிப் போச்சு. மேல புல்லுதான் நிக்கிது."

பதறிப்போனேன். "ஐயோ, வேற அனுப்பட்டுமா?"

"எதுக்கு அண்ணாச்சி? மணலு அங்கனயே நிக்கிதுல்லா. கொடத்தோட ஆளுவ காத்துக்கெடக்காவ, வச்சிரட்டுமா?" போனை வைத்தேவிட்டாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். சைட்டில் ஜேசிபியை இறக்குவதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே யார் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அது புல்லாகவும் இருக்கலாம்.