பாரம் வைத்த வாழ்த்து

எங்கள் பாடசாலை அதிபரின் பிரியாவிடைக்கு வாழ்த்தட்டை செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். புது ரீவி உடையாமலிருக்கப் பெட்டிக்குள் வைத்து வந்த வெள்ளை நுரை அட்டையை, றெஜிபோமை, சிறு துண்டுகளாக வெட்டி, அடுக்கடுக்காக ஒட்டி, பாடசாலை வாசலையும் வேப்பமரத்தையும் பிள்ளைகளையும் அட்டையில் எழும்பி நிற்க வைத்தேன். மூன்று நாள் வேலை! பசை காயட்டும் என்று மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அட்டைக்கு மேலே தடித்த அகராதி. அதற்கு மேலே ஸ்திரிக்கைப் பெட்டி.

"வளைஞ்சு கிடந்ததப்பா, பாரம் வைச்சு விட்டனான்" என்றார் கணவர். வருடா வருடம் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போட்டுப் பாரம் வைக்கிற மனிசன்.

"ஐயோ, அது எழும்பி நிக்கவேணுமெண்டுதானே செய்தனான்!"

"அதை முதலே சொல்லியிருக்கலாமே."

வேப்பமரம் அப்பளம்போல் நசிந்து கிடந்தது. திரும்பச் செய்ய நேரமில்லை. மறுநாள் அதிபர் அட்டையைத் தடவிப் பார்த்து, "வடிவாயிருக்கு ரீச்சர், எந்த அச்சகத்திலை அடிச்சனீங்கள்?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் எந்த வாழ்த்தட்டை செய்தாலும் ஒட்டிய கையோடு அதை, பிஸ்கற் வந்த தகரப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறேன். நேற்றுப் பார்த்தேன், பெட்டிக்கு மேலே அகராதி இருந்தது. மூடி காற்றுக்குப் பறந்துவிடுமாம்.