செத்தேன், செத்தாள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் நடந்தது. நெலிதா பரெய்ரோ என்னோடு ஒரே துறையில் பாடம் நடத்துபவள். பேய் என்றாலே சிரிப்பவள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஓர் அடிக்குறிப்பில் அச்சடித்துவிட்டாள்.

அசுன்சியோன் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குச் சிறுகதைதான் சோறு போடுகிறது. நெலிதா பத்து வருடமாக ஒரே எழுத்தாளரைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். எவுலோஹியா சனாப்ரியா. தெற்கே ஒரு சிற்றூரில் மருந்துக்கடை நடத்தி, பதினோரு கதைகள் எழுதிவிட்டு இறந்துபோனவர். அவற்றைக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு நெலிதா பதிப்பித்தாள். அந்தப் புத்தகம் நல்ல பெயர் வாங்கினால்தான் அவள் வேலை நிரந்தரம்.

கடைசிக் கதையின் முதல் வரி, "நான் செத்த வருடம் மாமரம் காய்க்கவில்லை." முத்து முத்தான கையெழுத்து. நெலிதா அதை "அவள் செத்த வருடம்" என்று மாற்றினாள்.

"எழுத்து தெளிவாத்தானே இருக்கு, ஏன்டி மாத்தற?" என்று நானே கேட்டேன்.

"வீட்ல குவாரனி பேசி வளர்ந்தவங்க. ஸ்பானிஷ் எழுதறப்ப நான், அவ எல்லாம் குழம்பிடும். செத்தவ எப்படிடி கதை சொல்லுவா?"

"உங்கம்மாவும் குவாரனிதானே பேசறாங்க?"

புத்தகத்தில் அடிக்குறிப்பு இப்படி வந்தது: 'ஆசிரியரின் மொழிப் பயிற்சிக் குறைவால் நேர்ந்த பிழை. திருத்தப்பட்டது.'

ஜனவரியில், எங்கள் நாட்டு மாம்பழக் கோடையில், அந்த ஊரிலேயே வெளியீட்டு விழா. மாலை ஆறு மணிக்கு, தேவாலயக் கூடத்தில். நெலிதா பிற்பகல் இரண்டுக்கே பேருந்திலிருந்து இறங்கினாள். முதல் பிரதியை எவுலோஹியாவின் தங்கை தெயோலிந்தாவிடம் தனியாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இருவரும் தொலைபேசியில் பேசியதோடு சரி.

ஊரே உறங்கும் நேரம். தெருவெல்லாம் மாம்பழம் விழுந்து நசுங்கிக் கிடந்தது. குளவிகள் மொய்த்தன. வேறு சத்தமே இல்லை.

தெயோலிந்தா வீட்டு வாசல் கேட்டருகே நின்று, கதவைத் தட்டுவதற்குப் பதில் எங்கள் வழக்கப்படி கை தட்டினாள்.

டப், டப், டப்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

டப்... டப்... டப்.

எங்கள் பக்கம் வெளியே நிற்பவர்தான் கை தட்டுவார். வீட்டிலிருப்பவர் தட்டி அவள் கேட்டதே இல்லை.

"உள்ள வாம்மா. வெயில்ல நிக்காத."

முற்றத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அட்டைப்படத்தில் எவுலோஹியாவுக்கு இருந்த அதே தாடை. தங்கைக்கு இருக்காதா என்ன? தொலைபேசியில் கரகரத்த குரல்தான் இப்போது மெல்லியதாக இருந்தது. அந்த அம்மாளின் மேல் மருந்துக்கடை வாசனை அடித்தது.

"ஞா தெயோலிந்தா, உங்க அக்கா புத்தகம்," என்று மரியாதையாக 'ஞா' போட்டு நீட்டினாள்.

அந்த அம்மாள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கொம்புக் குவளையில் இலை போட்டு, எங்கள் ஊர்க் குளிர்தேநீரான தெரெரேக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். முதல் ஊற்று புனித தோமையாருக்கு, யாரும் குடிப்பதில்லை. தண்ணீர் இலையில் ஊறி இறங்கும்வரை காத்திருப்பது வழக்கம்.

காத்திருந்தார்கள்.

தண்ணீர் இறங்கவில்லை.

இரண்டாம் ஊற்றை, ஊற்றுபவரே குடிக்க வேண்டும். அந்த அம்மாள் குடிக்காமல் குவளையை நெலிதாவிடம் நீட்டினார். உறிஞ்சுகுழாயில் உதடு வைத்தாள். பல் கூசியது. கூஜாவில் ஒரு பனிக்கட்டிகூட இல்லை.

தலைக்கு மேலே பெரிய மாமரம். இலை இருந்தது. ஒரு காய் இல்லை.

"கடைசிக் கதைய வாசிம்மா."

நெலிதா வாசித்தாள். "அவள் செத்த வருடம் மாமரம் காய்க்கவில்லை..."

"திரும்ப வாசி."

வாசித்தாள்.

"அங்க அப்படியா போட்டிருக்கு?"

நெலிதாவின் காது சூடேறியது. "அது... கைப்பிழை, ஞா தெயோலிந்தா. நான்தான் திருத்தினேன்."

"பிழையா?"

"அவங்களுக்கு ஸ்பானிஷ்... கொஞ்சம்..."

அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாளாம். இல்லை. பள்ளியில் எல்லார் முன்னாலும் சிரிக்கப்பட்ட பிள்ளையின் முகம் அது. தன் அம்மா வங்கியில் ஸ்பானிஷ் பேசத் தடுமாறி நின்றபோது, தெரியாதவள்போல் நெலிதா தள்ளி நின்றாளே... அன்று அம்மாவுக்கு இருந்த முகம்.

நிழல் நகரவே இல்லை.

குளவிச் சத்தமும் நின்றிருந்தது.

"நன்றி," என்று குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். எங்களிடம் அதற்கு 'எனக்குப் போதும்' என்று அர்த்தம். எழுந்து போய்விடலாம்.

அந்த அம்மாள் மறுபடி நிரப்பினார்.

"திரும்ப வாசி."

நெலிதா புத்தகத்தை மறுபடி பிரித்தாள்.

எழுத்து ஆடியது.

"நான்..."

"ம்."

"நான் செத்த வருடம்... மாமரம் காய்க்கவில்லை."

அந்த அம்மாள் மூச்சு விட்டார். நெலிதா கேட்ட முதல் மூச்சு.

"நன்றி," என்றார்.

நெலிதா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கூடத்தில், கைத்தடி ஊன்றிய மூதாட்டி ஒருவர் வேலையாட்களை விரட்டிக்கொண்டிருந்தார். கரகரத்த குரல். "நீதானா நெலிதா? போன்ல குரல் கேட்டு இன்னும் உயரமா இருப்பேன்னு நெனச்சேன். மத்தியானத்துலேர்ந்து இந்தச் சோம்பேறிங்களோட மல்லுக்கட்டறேன்."

"வீட்டுல... யாரு இருக்கா?"

"பூனைகூட கெடையாது. சாவி இதோ என் இடுப்புல இருக்கு."

விழாவில் நானும் இருந்தேன். துறைத்தலைவர் முன்வரிசையில். நெலிதா மேடையேறி முதல் வரியை வாசித்தாள், 'நான்' என்றே. பிறகு புத்தகத்தை மூடினாள். "இதை அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க. படிப்புத் திமிர்ல நான்தான் மாத்தினேன். அடிக்குறிப்புல அவங்கள அவமானப்படுத்தினேன்." துறைத்தலைவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கை தட்டவில்லை.

இருட்டும் நேரத்தில் தெயோலிந்தாவை வீட்டில் விடப் போனோம். முற்றத்தில் கால் வைத்ததும் நெலிதா வழுக்கினாள். தரையெல்லாம் மாம்பழம். மரம் கிளை முறியக் காய்த்துத் தொங்கியது.

நெலிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"அக்கா எழுதினது நெசந்தான்," என்றார் தெயோலிந்தா, பூட்டைத் திறந்தபடி. "அவ செத்த வருஷம் ஒரு காய் இல்ல. ஆகஸ்ட் குளிர்ல பூ வந்துச்சு. பனி விழுந்து அத்தனையும் கருகிடுச்சு."

"அவங்க இறந்தது..." என்று இழுத்தாள் நெலிதா.

"மே மாசம், பூ வர்றதுக்கு முன்னாடியே. மறந்துட்டியா? உன் புத்தகத்துலயே போட்டிருக்கியேம்மா."