ஒரு பொட்டு வெயில்கூடப் படாது

டெல்லிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியும் எனக்குப் பழகாத சத்தம் ஒன்று உண்டு. ஜனவரி மதியங்களில், மயூர் விஹாரில் எங்கள் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்கிற சத்தம். வெயில் ஓரடி நகர்ந்தால் நாற்காலியும் ஓரடி நகரும். ஸ்வெட்டரும் குல்லாவுமாக, ஆரஞ்சு உரித்துத் தின்றபடி வெயிலைத் துரத்திக்கொண்டே போவார்கள். இதென்ன கிறுக்கு என்றுதான் நினைப்பேன். நான் கோவில்பட்டிக்காரி. எங்களூரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் விளக்குக் கம்பத்தின் நிழலைக்கூட விடமாட்டார்கள், ஒருவர் பின் ஒருவராக அந்தக் கோட்டிலேயே நிற்பார்கள். வாசலுக்கு யார் வந்தாலும் அம்மா வாயில் முதலில் வருவது, "ஏன் வெயில்ல நிக்கீக, நிழலுக்கு வாங்க" என்பதுதான். தண்ணீரும் நலம் விசாரிப்பும் அதற்கப்புறம்.

அதனால், லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சோலார் போடலாம் என்று சொசைட்டியில் பேச்சு வந்தபோது நான்தான் முன்னால் நின்றேன். கமிட்டி மெம்பர் என்கிற மிதப்பு வேறு. காண்டிராக்டர் மாடியின் தெற்கு ஓரத்தைக் காலியாக விட்டு வரைபடம் கொண்டுவந்தார். "அதெல்லாம் வேண்டாம் பையா, ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு முழுசா மூடுங்க, கீழே நிழலும் கிடைக்கும்" என்றேன். கூட்டத்தில் இரண்டாம் மாடிப் பெண்மணி கம்லேஷ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் வயசுதான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். "தீதி, தூப் கா க்யா ஹோகா?" என்றார். அக்கா, வெயில் என்ன ஆகும் என்று கேட்கிறார். பாவம், வெயிலுக்குப் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டு என் கோவில்பட்டி இந்தியில் முழங்கினேன்: "கவலையே படாதீங்க, ஒரு பொட்டு வெயில்கூட உங்க மேல படாது!" கூட்டம் கப்சிப். ஆகா, அசந்துவிட்டார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரண்ட் பில் குறையும் என்கிற ஆசையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மே மாதம் முழுக்க என் கொடிதான் பறந்தது. கடைசி மாடிக்காரர்கள், கூரை முன்னைப்போலத் தகிக்கவில்லை என்று லட்டு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இந்த ஜனவரியில் பத்து நாள் விடாத பனிமூட்டம். பதினோராம் நாள் வெயில் எட்டிப்பார்த்தது. ஆனால் மாடியில் நாற்காலிச் சத்தமே இல்லை. பேனலைத் துடைத்தார்களா என்று பார்க்கப் போனேன். பேனலுக்குக் கீழே ஒரே இருட்டு, ஐஸ்பெட்டிக்குள் நுழைந்த மாதிரி குளிர். கைப்பிடிச் சுவருக்கும் பேனல் விளிம்புக்கும் நடுவே தப்பி வந்த வெயில், தரையில் இரண்டு சாண் அகலத்தில் கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டில், நாற்காலி போட இடமில்லாமல், வாக்கரைப் பிடித்தபடி கம்லேஷ் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க தூப்பை மூடிட்டீங்க தீதி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"கேட்டேனே, மீட்டிங்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் வீடு வடக்குப் பார்த்தது, எதிரே இன்னொரு டவர். எலும்பு சேருவதற்குத் தினமும் வெயிலில் உட்காரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குளிர்காலத்தில் அவருக்கென்று இருந்த வெயில் இந்த மாடி ஒன்றில்தான். அடிப்பாவி! நிழல் தருகிறேன் பேர்வழி என்று ஒரு மனுஷியின் வெயிலைப் பிடுங்கியிருக்கிறேனே. அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்பதாம் மாடிக்கு, என் வீட்டுக்கு, அழைத்துவந்தேன். என் பால்கனி தெற்குப் பார்த்தது. குடிவந்த வாரமே வெயிலுக்குப் பயந்து மூங்கில் தட்டியைக் கட்டித் தொங்கவிட்டவள், அப்புறம் அதைத் தொடவே இல்லை. இப்போது கயிற்றை இழுத்தேன். பாதி ஏறியதும் கயிறு சிக்கிக்கொண்டது. தூசியோடு சேர்ந்து மொத்த வெயிலும் உள்ளே விழுந்தது. கம்லேஷ் வெயிலைப் பார்த்தார், தட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹே ராம்! வீட்டுக்குள்ளேயே இவ்வளவு வச்சுக்கிட்டு, இத்தனை வருஷம் இதையும் மூடியா வச்சிருந்தீங்க?"

அவருக்கு ஒரு நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டேன்.

தெற்கு ஓரத்து இரண்டு வரிசைப் பேனலைக் கழற்றி வேறிடத்தில் மாட்டச் சொல்லி நானே மனு எழுதிக் கொடுத்தேன். "போடச் சொன்னதே நீங்கதானே?" என்று செக்ரட்டரி முறைத்தார். ஆமாம், நானேதான். கமிட்டி முடிவு சொல்லும்வரை கம்லேஷ் தினமும் மதியம் வாக்கரோடு வந்துவிடுகிறார். பால்கனியில் சாய்ந்து உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "நிழல்ல ஏன் நிக்கிறீங்க தீதி, தூப்புக்கு வாங்க" என்கிறார். அம்மாவின் அதே அதட்டல். போய் உட்காருகிறேன். கால் இரண்டும் வெயிலில் நீண்டுவிடுகின்றன. முகம் மட்டும், பாதி ஏறிய தட்டியின் நிழலை விட்டு வரமாட்டேன் என்கிறது.